எலக்ட்ரீஷியன் கையில் பொருள் எரிவது எங்கே? பேஸை விட நியூட்ரலுக்குத்தான் பயப்பட வேண்டும்

ஹெல்பராக இருந்துவிட்டுத் தனியாக வேலை எடுக்கப் போகிறவர் கேட்டிருக்கும் கேள்வி இது: எலக்ட்ரீஷியன் வேலையில் கை தவறினால் பெரிய செலவு வைப்பவை எவை, எப்படித் தவிர்ப்பது? ஷாக், உயிர்ச்சேதம் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இங்கே பொருள் எரிவதும் உடைவதும் மட்டும்.

ஷார்ட் ஆனால் என்ன ஆகுமோ என்றுதான் புதிதாக வருபவர்கள் பயப்படுவார்கள். ஷார்ட் ஆனால் பெரும்பாலும் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழும், பியூஸ் போகும், கட்டிங் பிளேயரின் வாயில் ஒரு ஓட்டை விழும். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். ஒரே நிமிஷத்தில் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோடம், பத்துப் பதினைந்து எல்.இ.டி. பல்பு என்று வீடு முழுக்கச் சாப்பிடுவது மூன்று பேஸ் சர்வீஸில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) விடுபடுவதுதான். சத்தம் வராது, எம்.சி.பி. விழாது, புகை வந்த பிறகுதான் தெரியும். அதனால் அதையே முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று பேஸ் வீட்டில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், எந்த இரண்டு பேஸுக்கு நடுவிலும் 400 வோல்ட். மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்பார்கள். ஆர் பேஸில் 2000 வாட் கீசர் ஓடுகிறது, ஒய் பேஸில் டிவியும் நாலு லைட்டும் சேர்த்து 100 வாட்தான், பி பேஸில் எதுவும் ஓடவில்லை என்று வையுங்கள். இந்த நேரத்தில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் கீசரும் டிவியும் சீரிஸில் மாட்டிக்கொண்டு 400 வோல்ட்டில் உட்காரும். கீசரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம், டிவி பக்கம் சுமார் 529 ஓம். கணக்குப் போட்டால் கீசருக்குக் கிடைப்பது 19 வோல்ட், டிவி பக்கம் ஏறுவது 381 வோல்ட். லோடு குறைவாக இருக்கும் பக்கம்தான் வோல்டேஜ் ஏறும். விலை உயர்ந்த எலக்ட்ரானிக் சாமான்கள் பெரும்பாலும் குறைந்த லோடு பக்கத்தில்தான் இருக்கும். அதுதான் இதில் கொடுமை.

உள்ளே நடப்பது இது. டிவியின் பவர் போர்டு 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். அந்தக் கெப்பாசிட்டர் 400 அல்லது 450 வோல்ட் தாங்குவது. 381 வோல்ட் ஏசி வந்தால் அங்கே 540 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போகும். கெப்பாசிட்டர் தலை வீங்கி வெடிக்கும், இல்லை மாஸ்ஃபெட் (போர்டில் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) முதலில் போகும். இன்புட்டில் நீலமாகவோ மஞ்சளாகவோ தட்டையாக இருக்கும் வேரிஸ்டர் இடி, ஸ்பைக் போன்ற நொடிப்பொழுது அதிர்ச்சிகளுக்குத்தான் வைத்தது. தொடர்ந்து 380 வந்தால் அது தானே எரிந்து கரியாகும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று வீட்டுக்காரர் கேட்பார். எம்.சி.பி. பார்ப்பது கரண்ட்டை, வோல்டேஜை அல்ல. இங்கே ஓடியது முக்கால் ஆம்ப்கூட இல்லை. எர்த் கசிவைப் பார்த்து விழும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. கரண்ட் எர்த்துக்குக் கசியவில்லை, ஒரு பேஸில் வந்தது இன்னொரு பேஸில் திரும்பிவிட்டது, அதன் கணக்கு சரியாக இருக்கிறது.

நியூட்ரல் விட்டுப்போவதற்கு வேலை செய்பவர் காரணமாவது எப்படி? நாலு வழி உண்டு.

முதலாவது, மாற்றி மாட்டுவது. மீட்டரில் இருந்து வரும் நாலு வயரில் நியூட்ரலும் ஆர் பேஸும் இடம் மாறிவிட்டால், ஆர் லைனில் இருப்பதெல்லாம் ஒழுங்காக 230-ல் எரியும். ஒய், பி இரண்டிலும் 400 வோல்ட் போகும். ஹால் லைட் எரிகிறது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மாடியில் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். நிறத்தை நம்பக்கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய மெஷினோடு வரும் கேபிளில் பிரவுன், கறுப்பு, கிரே மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல். பிரிட்டனில் 2006-லிருந்து புது வயரிங் எல்லாம் இந்த நிறத்தில்தான். இறக்குமதி மெஷினைப் பழைய பழக்கத்தில் மாட்டினால், நீலத்தை பேஸ் என்று நினைத்து, மெஷினின் நியூட்ரல் வழியாக ஒரு பேஸைக் கொண்டுபோய் கண்ட்ரோல் சர்க்யூட்டில் கொடுத்துவிடுவீர்கள். அந்தக் கார்டின் விலை உங்கள் பல மாத வருமானத்தைத் தாண்டலாம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இது தலைகீழாகக் குழப்பும்.

இரண்டாவது, லூஸ் கனெக்‌ஷன். மின்வாரிய சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம், வீட்டுக்குள் போவது காப்பர். இரண்டையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டால் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும், அது கரண்ட் கடத்தாது. சூடாகி விரியும், ஆறும்போது சுருங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளரும். மழைத்தண்ணீர் பட்டால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அரிப்பு வேறு. பேஸ் ஜாயின்ட் இப்படி விட்டால் அந்த லைன் மட்டும் நிற்கும், கூப்பிடுவார்கள், சரிசெய்வீர்கள். நியூட்ரல் ஜாயின்ட் விட்டால் வீடு எரியும். பைமெட்டாலிக் லக் (அலுமினியமும் காப்பரும் சேர்ந்த வயர் முனை) அல்லது பைமெட்டல் கனெக்டர் வைத்து, அலுமினியத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, சரியான டையில் கிரிம்ப் செய்ய வேண்டும். பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பாக்ஸில், நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் பாரைப் பாருங்கள். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை நறுக்கிவிட்டு மாட்டியிருப்பார்கள். ஒரே ஸ்குரூவின் கீழே மூன்று வயர் இருக்கும். ஸ்குரூ இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டு நிற்கும், செம்பைத் தொட்டே இருக்காது. பல இழை வயருக்கு பின் லக் போட்டுத்தான் நுழைக்க வேண்டும். ஒரு ஸ்குரூவுக்கு ஒரு வயர். இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். மெயின் நியூட்ரலை மறுநாள் இன்னொரு முறை இறுக்கினால் கால் சுற்றாவது போகும்.

மூன்றாவது, நியூட்ரலில் தனி பியூஸ், தனி சுவிட்ச். பழைய வீடுகளில் பேஸுக்கு ஒரு பீங்கான் பியூஸ் கேரியர், நியூட்ரலுக்கு ஒன்று என்று இருக்கும். நியூட்ரல் பியூஸ் முதலில் போனால் மேலே சொன்னதுதான் நடக்கும். பேஸோடு சேர்ந்தே திறந்து மூடும் லிங்க்டு சுவிட்ச் தவிர வேறு எந்த பியூஸையும் சுவிட்ச்சையும் நியூட்ரலில் வைக்கக்கூடாது என்பது நம் நாட்டு மின் பாதுகாப்பு விதி. அந்தக் கேரியரில் பியூஸ் வயரை எடுத்துவிட்டு லிங்க் போடுங்கள். நாலு போல் மெயினில் நியூட்ரல் போல் மூடும்போது முதலில் சேரும், திறக்கும்போது கடைசியில் விலகும்படி செய்திருப்பார்கள். அதனால் அந்த ‘என்’ என்று போட்ட டெர்மினலில் பேஸை மாட்டிவிட்டு வேறொன்றில் நியூட்ரலை மாட்டினால், இருக்கிற பாதுகாப்பையும் கெடுத்ததாகும்.

நாலாவதுதான் அனுபவசாலிகளையும் வீழ்த்துவது: கடன் வாங்கிய நியூட்ரல். பைப்பில் இடமில்லை என்று மூன்று பேஸ் சர்க்யூட்டுக்கும் ஒரே கறுப்பு வயரை ஓட்டியிருப்பார்கள். நீங்கள் ஒரு பிளக் பாயின்ட் மாற்ற அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை மட்டும் ஆஃப் செய்துவிட்டு போர்டைத் திறக்கிறீர்கள். கறுப்பு ஜாயின்ட்டைப் பிரித்ததும், அதற்கு அப்பால் இருக்கும் மற்ற இரண்டு பேஸ் லோடுகளும் நியூட்ரல் இல்லாமல் நிற்கும். தொட்டது ஒரு பிளக், எரிந்தது பக்கத்து அறை டிவி. மூன்று பேஸ் வீட்டில் கறுப்பு ஜாயின்ட்டைப் பிரிக்கிறீர்கள் என்றால் மெயினையே ஆஃப் செய்யுங்கள்.

இனி மெயின் வேலை முடித்து சப்ளை கொடுக்கும் முறை. டிபியில் உள்ள எல்லா அவுட்கோயிங் எம்.சி.பி.யும் ஆஃபில் இருக்கட்டும். மெயின் மட்டும் ஆன். மல்டிமீட்டரில் ஏழு ரீடிங்: மூன்று பேஸும் நியூட்ரலுக்கு, மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று, கடைசியாக நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். 230-க்குப் பக்கத்தில் மூன்று, 400-க்குப் பக்கத்தில் மூன்று, கடைசியது ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் வர வேண்டும். இதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம், நிறுத்தக்கூடாது. லோடே இல்லாதபோது ஒரு இழையில் தொங்கும் நியூட்ரல்கூட மீட்டரில் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு பேஸில் மட்டும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். போட்டுக்கொண்டே மற்ற இரண்டு பேஸையும் அளந்து பாருங்கள். இஸ்திரி போட்ட பேஸ் இரண்டு மூன்று வோல்ட் இறங்கினால் சரி. அது பத்துப் பதினைந்து இறங்கி, மற்றதில் ஒன்றோ இரண்டோ ஏறினால் நியூட்ரல் எங்கேயோ தொங்குகிறது. வேறு எதையும் போடாமல் அதைத் தேடுங்கள். இஸ்திரிப் பெட்டி எந்த வீட்டிலும் இருக்கும், எரிந்து போகிற சாமானும் அல்ல.

வீட்டுக்காரர் போனில் சொல்லும் அறிகுறியைத் தெரிந்துகொள்ளுங்கள். “ஒரு ரூம்ல லைட் ரொம்ப பிரைட்டா எரியுது, இன்னொரு ரூம்ல மங்கலா இருக்கு, மிக்சி போட்டா ஃபேன் வேகமா ஓடுது” என்றால் நேரில் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். “உடனே மெயினை இறக்குங்க” என்பதுதான் முதல் வார்த்தை. ஒரே பேஸ் வீட்டில் நியூட்ரல் போனால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். அது பொருளை எரிக்காது, ஆனால் ஆளை ஏமாற்றும்.

நியூட்ரல் போன வீட்டில் எர்த்தை நியூட்ரலாகக் கட்டிவிட்டு வரும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. “லைன் வர்ற வரைக்கும் ஓடட்டும்” என்பார்கள். எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம், வீடு இழுப்பது 10 ஆம்ப் என்றால் எர்த் வயரில் 100 வோல்ட் நிற்கும். ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் உடம்பு, கீசர் குழாய் எல்லாவற்றிலும் அதே 100 வோல்ட். காசுக் கணக்கில் பேச வேண்டிய விஷயமே இல்லை இது. செய்யாதீர்கள்.

ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் என்று டிபியில் மாட்டும் சாதனம் வருகிறது. பேஸ் வோல்டேஜ் 270-க்குப் பக்கத்தில் போனதும் கட் செய்யும். மூன்று பேஸ் வீட்டில் அதை மாட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

திருவிழா, கல்யாண மண்டபம், பந்தல் லைட் வேலையில் இதே விபத்து வாடகை ஜெனரேட்டரில் நடக்கும். நாலு வயரையும் முறுக்கிப் போட்டு மேலே டேப். ஆடும் வண்டியில் நிற்கும் ஜெனரேட்டரில் நியூட்ரல் நழுவினால் சீரியல் செட்டோடு சவுண்ட் சிஸ்டம் ஆம்ப்ளிஃபையரும் போகும். லக் அடித்து போல்ட்டில் முறுக்குங்கள். மாட்டும்போது நியூட்ரல் முதலில், கழற்றும்போது கடைசியில். சவுண்ட் சர்வீஸ்காரருக்கு முடிந்தால் தனி லைன்.

நியூட்ரல் போதும். அடுத்து இன்வெர்ட்டர்.

வீட்டு இன்வெர்ட்டரின் கார்டு மாட்டிய அன்றே எரிந்தது என்றால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் மின்வாரிய பேஸும் எங்கோ சந்தித்திருக்கின்றன. மாடிப்படி லைட்தான் வழக்கமான குற்றவாளி. கீழ் டூ வே சுவிட்ச்சுக்கு பேஸ் இன்வெர்ட்டர் லைனில், மேல் சுவிட்ச்சில் பழைய ஆள் ஒருவர் ஈபி லைனில் இருந்து லூப் எடுத்திருப்பார். யாரோ மேலே சுவிட்ச்சைத் தட்டியதும் இரண்டும் சேரும், மாஸ்ஃபெட் வரிசையாகப் போகும். மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்: இன்வெர்ட்டருக்கு ஒதுக்கிய வயரை டிபியில் கழற்றிவிட்டு, மற்ற எல்லா எம்.சி.பி.யையும் ஆன் செய்து, டூ வே சுவிட்ச்சுகளை எல்லா நிலைகளிலும் தட்டி, கழற்றிய வயரில் சப்ளை வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் வேண்டாம், பக்கத்து வயரின் இண்டக்‌ஷனுக்கே லேசாக எரியும். லேம்ப் எரிந்தால் கலப்பு இருக்கிறது.

பேட்டரியில் கடைசி டெர்மினலை மாட்டும் முன் மீட்டரில் பிளஸ் மைனஸ் பாருங்கள். இரண்டு பேட்டரி சீரிஸில் இருந்தால் 24-க்குப் பக்கத்தில், மைனஸ் குறி இல்லாமல் வர வேண்டும். ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியின் மேல் வெறும் ஸ்பேனர் விழுந்து இரண்டு டெர்மினலையும் தொட்டால் ஸ்பேனரே வெல்டிங் ஆகிவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரி விடும் வாயு அந்தப் பொறியில் வெடிக்கும்.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரும் பல பேருக்குச் செலவு வைத்திருக்கிறது. 500 வோல்ட் டிசியை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொடுத்தால், அந்த லைனில் இருக்கும் எல்.இ.டி. டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர், ஏசி போர்டு எல்லாம் அதை வாங்கும். முதலில் எல்லாப் பிளக்கையும் உருவுங்கள். ஏசி போன்ற நேரடிக் கனெக்‌ஷன்களைப் பிரியுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் எர்த்துக்கும் நடுவில்தான் மெகர். 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். நல்ல வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஸ்பைக் கார்டு ஒன்று மறந்துபோய் மாட்டியபடி இருந்தால் அதன் வேரிஸ்டர் வழியாகக் குறைந்த ரீடிங் வரும். வயர் போய்விட்டது என்று சுவரை உடைக்க வேண்டாம்.

பேக்டரி வேலைக்குப் போனால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் விஷயத்தில் கவனம். இன்புட் ஆர், எஸ், டி. அவுட்புட் யு, வி, டபிள்யு. மெயின் சப்ளையை யு, வி, டபிள்யு பக்கம் மாட்டிவிட்டால் டிரைவை மறந்துவிட வேண்டியதுதான், உள்ளே இருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற பவர் டிரான்சிஸ்டர் அங்கேயே முடியும். மோட்டாரை மெகர் செய்யும்போது டிரைவிலிருந்து மூன்று வயரையும் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். 400 வோல்ட் டிரைவின் டிசி பஸ்ஸில் சுமார் 565 வோல்ட் நிற்கும். சப்ளையை நிறுத்தி, மேலே எழுதியிருக்கும் நிமிஷக் கணக்குப்படி காத்திருந்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பேனலில் அம்மீட்டர் மாற்றும்போது சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி முனைகளான எஸ்1, எஸ்2 இரண்டையும் முதலில் ஷார்ட் செய்யுங்கள். லோடு ஓடும்போது சி.டி. செகண்டரி திறந்து கிடந்தால் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும், சி.டி. வெடிக்கும், ஆளையும் அடிக்கும்.

கிராமத்தில் வேலை பார்ப்பவருக்கு மோட்டார்தான் பெரிய நஷ்டம். சப்மெர்சிபிள் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், போரிலிருந்து பைப்பைத் தூக்கி இறக்கும் செலவு அதற்குச் சமமாக வந்து நிற்கும். எரிவதற்கு முதல் காரணம் ஒரு பேஸ் போவது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது, மிச்ச இரண்டு பேஸில் ஏறத்தாழ 1.73 மடங்கு கரண்ட் இழுத்துக்கொண்டே ஓடும். மூன்று பியூஸில் இரண்டில் பியூஸ் வயர், ஒன்றில் தடித்த செம்புக் கம்பி என்று கலந்து போட்டிருந்தால் இதை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் ப்ரிவென்டர் வைத்த ஸ்டார்ட்டரில் “அடிக்கடி விழுது, எடுத்து விடுங்க” என்று தோட்டக்காரர் சொன்னால், எடுத்துவிடாமல் ஏன் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு பேஸ் வரும்போது கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுவதும் காயிலைச் சுடும்.

இரண்டாவது காரணம், கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் செட்டிங். மோட்டாரை முதலில் ஸ்டாரில் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் காண்டாக்டருக்குக் கீழே, காயில் கரண்ட் ஓடும் இடத்தில் இருக்கும். அங்கே லைன் கரண்ட்டின் 58 சதவீதம்தான் ஓடும். நேம் பிளேட்டில் 11 ஆம்ப் என்றால் ரிலே 6.4-ல் நிற்க வேண்டும். நேம் பிளேட்டைப் பார்த்து அப்படியே 11-க்குத் திருப்பினால் ரிலே இருந்தும் இல்லாததற்குச் சமம். மோட்டாருக்கு நேரடியாக சப்ளை கொடுக்கும் டிஓஎல் ஸ்டார்ட்டரில் மட்டுமே முழு 11. எந்த ஸ்டார்ட்டர், ரிலே எங்கே இருக்கிறது என்று வயரைத் தொடர்ந்து பார்த்துவிட்டுத் திருப்புங்கள். ஆறு வயர் மாட்டும்போது டெல்டாவில் யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2 சேர வேண்டும். ஸ்டார் காண்டாக்டர் முழுதாக விடுபடும் முன் டெல்டா பிடித்தால் மூன்று பேஸும் நேரடி ஷார்ட். காண்டாக்டர்களின் இன்டர்லாக்கை எடுத்துவிட்டு “டைமர் பார்த்துக்கொள்ளும்” என்று விடக்கூடாது.

தண்ணீர் நிரப்பி ஓட்டும் வகை சப்மெர்சிபிளில் இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரம்பக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். மறந்தால் பேரிங்கும் காயிலும் சீக்கிரம் போகும். தண்ணீர் குறைவாக வந்தால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் இரண்டு பேஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றும் பம்பும் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கும், அதனால்தான் ஏமாறுவார்கள்.

இந்தச் சுற்று விஷயம் அபார்ட்மென்ட்டிலும் உண்டு. மெயின் கேபிளைக் கழற்றும் முன் பேஸ் சீக்வன்ஸ் மீட்டர் வைத்துத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், மாட்டிய பின் அதே திசை வர வேண்டும். லிஃப்ட்டில் ரிவர்ஸ் பேஸ் ரிலே இருந்தால் வெறுமனே நின்றுவிடும். மூன்று பேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரசர் வைத்த ஏசி நிற்காமல் தலைகீழாக ஓடிச் சத்தம் போடும், கூலிங் வராது, கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் கெடும்.

உடைவது பற்றி. டைல்ஸ், பைப், ஃபால்ஸ் சீலிங், ஃபேன் இந்த நாலும்தான். விட்ரிஃபைட் டைலில் ஹேமர் மோடில் துளைத்தால் விரிசல் ஓடும், அதே பேட்ச் டைல் கடையில் கிடைக்காது, ஒரு சுவரையே மாற்றச் சொல்வார்கள். இடத்தில் டேப் ஒட்டி, ஹேமரை ஆஃப் செய்து, டயமண்ட் பிட்டைத் தண்ணீர் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். டைலைத் தாண்டியபின் சிமென்ட்டில் ஹேமர் போடலாம். டைல் ஓரத்துக்கு மிகப் பக்கத்தில் துளை வேண்டாம்.

பாத்ரூமில் கீசர் மாட்டும்போது ஆங்கிள் வால்வுக்கு நேர் மேலும் கீழும் சிபிவிசி பைப் சுவருக்குள் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே வயர் பைப் ஓடும், சுவர் மேல் விளிம்பில் சீலிங்கை ஒட்டிக் குறுக்காக ஓடும். வீட்டுக்காரரிடம் பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள், இப்போது பல பேரிடம் போனில் இருக்கிறது. பைப்பில் ஓட்டை விழுந்துவிட்டால் மேல் டேங்க் வால்வை மூடச் சொல்லிவிட்டு அதே ஓட்டையில் ஒரு தடித்த ஸ்குரூவை முறுக்கி வைத்தால் பிளம்பர் வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

ஃபேன் விழுவதற்குக் காரணம் அனேகமாக ஸ்பிளிட் பின். டவுன் ராடின் போல்ட்டில் நட் முறுக்கி, பின்னை நுழைத்து, இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். நுழைத்துவிட்டு அப்படியே விட்டால் ஆட்டத்தில் வெளியே வரும், அடுத்து நட் கழன்று இறங்கும். மேல் ஷாக்கிளில் ஒன்று, மோட்டார் பக்கம் ஒன்று, இரண்டையும் பாருங்கள். ஜிப்சம் போர்டில் ஃபேன் தொங்கவிடக் கூடாது, கான்கிரீட் கொக்கியில் இருந்து நீள ராடு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊர்ந்து போனால் கால் போர்டில் படக்கூடாது.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது பற்றி நீட்டத் தேவையில்லை. 2.5 சதுர மி.மீ. வயரில் 32 ஆம்ப் எம்.சி.பி. இருந்தால் வயர்தான் பியூஸ். சுவருக்குள் இன்சுலேஷன் உருகிய பிறகு பைப்பிலிருந்து வயரை இழுக்கவும் முடியாது, சுவரை உடைத்துப் புது பைப் போட வேண்டும்.

மல்டிமீட்டரில் சிவப்பு லீடு 10 ஆம்ப் ஓட்டையில் இருக்கும்போது வோல்டேஜ் பார்க்கப் போனால், மீட்டர் வழியாக நேர் ஷார்ட். கரண்ட் பார்க்க கிளாம்ப் மீட்டரே பயன்படுத்துங்கள், அந்த ஓட்டையை டேப்பால் மூடியே விடலாம்.

வேலை தொடங்கும் முன் வீட்டுக்காரரோடு சேர்ந்து டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்து, டிபி உள்ளே போட்டோ எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன ஏசிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வராது. மீட்டருக்கு முன்னால் இருக்கும் சீல் வைத்த பகுதி மின்வாரியத்துடையது, அங்கே நியூட்ரல் தொங்கினாலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், கைவைக்காதீர்கள்.

அப்படியும் வோல்டேஜ் ஏறிப் பொருள் எரிந்துவிட்டால், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கை எல்லாம் உருவி, சப்ளையை இஸ்திரிப் பெட்டி வைத்துச் சரிபார்த்த பிறகே ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல போர்டுகளில் வேரிஸ்டர் ஷார்ட் ஆகி உள்பியூஸைப் போக்கியிருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் பிழைத்திருக்கும். அதே மதிப்புள்ள வேரிஸ்டரும் பியூஸும் மாற்றினால் ஓடிவிடும், செலவு முழுப் போர்டு விலையில் சிறு பங்குதான். வேரிஸ்டரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஓட்டிக் கொடுக்கும் சர்வீஸ் ஆட்கள் உண்டு, அடுத்த ஸ்பைக்கில் போர்டு போகும். போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால் பழைய போர்டைக் கையில் வாங்கி, கெப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கிறதா, பியூஸ் கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் பேசுங்கள்.